தோட்டத்துக்கு வரும் நோயுற்ற நரி: வேலூர்ப் பக்கம் புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூரைச் சுற்றி இன்று மனை பிரித்து வீடு கட்டும் இடங்களில் பல, சில ஆண்டுகளுக்கு முன்புவரை மானாவாரிக் கொல்லையாகவோ ஏரியை ஒட்டிய முள்காடாகவோ கிடந்தவை. வள்ளிமலைச் சாலை, கணியம்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம் போகும் வழி என எங்கே பார்த்தாலும் வேலிக்காத்தான் புதரும் பாறைக் குன்றும் உண்டு. அங்கே நரி நமக்கு முன்பே குடியிருக்கிறது. ஆகவே புழக்கடையில் ஒரு நரி தென்பட்டால் வியக்க ஒன்றுமில்லை. ஆனால் அது மயிர் கொட்டி, விலா எலும்பு தெரிய, பட்டப்பகலில் துணி துவைக்கும் கல்லின் நிழலில் வந்து சுருண்டு படுத்துக்கொண்டால், நகரத்திலிருந்து வந்தவர்களுக்குக் கை கால் ஓடுவதில்லை. ஒருவர் பாலும் சோறும் வைக்கிறார். இன்னொருவர் கல்லை எடுக்கிறார். இரண்டுமே வேண்டாம். நரிக்குச் செய்யக்கூடிய நல்ல உதவியில் பெரும்பகுதி கண்ணாலும் தொலைபேசியாலும் நடப்பது. கைக்கு அதில் வேலை மிகக் குறைவு. எதை எந்த வரிசையில் செய்வது என்று கீழே சொல்கிறேன்.

முதலில் பாருங்கள்: உண்மையிலேயே நோயா?

நம் பக்கத்தில் இரண்டு வகை உண்டு; ஊரில் இரண்டையும் நரி என்றே சொல்வார்கள். ஒன்று இந்திய நரி. 2 முதல் 3 கிலோதான் இருக்கும். மெலிந்த கால், பெரிய காது, அடர்ந்த நீளமான வால், வால் நுனியில் கறுப்பு. மற்றது ஆங்கிலத்தில் ஜாக்கால் எனப்படுவது; இருட்டியதும் கூட்டாக ஊளையிடும். நாட்டு நாயின் உடல்வாகு, 7 முதல் 10 கிலோ வரை எடை, வால் சற்றுக் குட்டை. எந்த வகை என்று தெரிந்துகொள்வது வெறும் ஆர்வத்துக்காக அல்ல. எடையும் மெலிவும் அதை வைத்துத்தான் தெரியும். இந்திய நரியைப் பார்த்துவிட்டு, “பட்டினியில் வற்றிப்போன குட்டி” என்று பதறுபவர்கள் உண்டு. அது முழு வளர்ச்சி பெற்ற, நலமான விலங்காகவே இருக்கும்.

பகலில் வந்தது என்பதற்காக மட்டும் நோய் என்று முடிவு கட்டாதீர்கள். குட்டி போட்ட தாய் எந்த நேரத்திலும் இரை தேடும். இந்திய நரி பொதுவாகப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில் குட்டி போடுகிறது. வேர்க்கடலை பிடுங்கும் காலத்தில் எலியும் கடலையும் கிடைக்கும் என்று நரி வெளிச்சத்திலேயே வரப்பில் அலையும். இலந்தை பழுக்கும் இடத்துக்கும் வரும். நலமான நரி உங்களைக் கண்டதும் நின்று, காதைத் திருப்பி, எந்தப் பக்கம் ஓடலாம் என்று கணக்குப் போடும். நீங்கள் ஓர் அடி வைத்தால் அது பத்து அடி போகும். அந்தக் கணக்கு தவறுகிறதா என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

கதவையோ கம்பி வலையையோ இடையில் வைத்துக்கொண்டு, அசையாமல் கொஞ்ச நேரம் பாருங்கள். வாலிலும் பின்தொடையிலும் மயிர் உதிர்ந்து, தோல் யானைத் தோல் போலத் தடித்து மடிந்திருக்கிறதா? ஓயாமல் சொறிகிறதா? அப்படியானால் சொறி நோயாக இருக்கலாம். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடிந்து, தாடையோ காலோ விட்டுவிட்டுத் துடிக்கிறதா? நாய்களிடமிருந்து பரவும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் அப்படித் தெரியும். அது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் தடுப்பூசி போடாத வீட்டு நாயைக் கொன்றுவிடும். கழுத்திலோ இடுப்பிலோ கம்பி இறுகியிருக்கிறதா, ஒரு காலைத் தூக்கியபடியே நடக்கிறதா என்றும் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது வெறிநோய். எச்சில் ஒழுகல், தொங்கும் தாடை, தள்ளாட்டம், குரல் மாற்றம், காரணமில்லாமல் மரத்தையும் கல்லையும் கடிப்பது, மனிதரைக் கண்டு அச்சமே இல்லாமல் நேராக வருவது ஆகியவை அதன் அடையாளங்கள். சில விலங்குகள் வெறி காட்டாமல், சாதுவாக, செயலிழந்து ஒரு மூலையில் முடங்கிவிடும். “பாவம், நம்மை நம்பி வந்துவிட்டது” என்று நினைக்க வைக்கிற ஆபத்தான தோற்றம் இது. முற்றிய டிஸ்டெம்பரையும் வெறிநோயையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய மருத்துவராலும் முடியாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். ஆகவே தள்ளாட்டம், எச்சில், அச்சமின்மை மூன்றில் ஒன்று தெரிந்தாலும் வெறிநோய் என்றே எண்ணி நடந்துகொள்ளுங்கள். நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்ற பழமொழி சகுனம் பார்ப்பவர்களைக் கேலி செய்யச் சொன்னது. இந்த இடத்தில் அதை அப்படியே நடைமுறை விதியாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, சுற்றுப்புறத்தை அடக்குங்கள்

பிள்ளைகளை உள்ளே அனுப்புங்கள். நாயைக் கட்டுங்கள், கோழியைக் கூண்டில் அடையுங்கள். தெருநாய்கள் வரும் பக்கத்துக் கேட்டைச் சாத்திவிட்டு, நரி வந்த வழியை மட்டும் திறந்து வையுங்கள். வழி அடைபட்ட விலங்கு கடிக்கும். பக்கத்து வீட்டார் கம்போடு கூடினால், “வனத்துறைக்குச் சொல்லியாகிவிட்டது, வந்துகொண்டிருக்கிறார்கள்” என்ற ஒரு வரி போதும். பாதிப் பேர் கலைந்துவிடுவார்கள். செல்பேசியில் படம் எடுக்க வருபவர்களைக் கலைப்பதுதான் கடினம்.

நீங்களும் படம் எடுங்கள், ஆனால் தூரத்திலிருந்து ஜூம் செய்து. ஒரு நிமிட வீடியோவில் நரி நடப்பது தெரிய வேண்டும். நடையில்தான் நோயின் பாதி விவரம் இருக்கிறது. வால், முகம், பின்பக்கம் மூன்றும் தெளிவாக ஒவ்வொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டையாக இருந்து வயிற்றில் முலை தடித்துத் தெரிந்தால் அதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். வளையில் குட்டிகள் இருக்கின்றன என்று அதற்குப் பொருள். தாயை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் குட்டிகள் பட்டினியில் சாகும். வருபவர்களிடம் இதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று சில நாட்கள் எழுதிவைத்தால், கூண்டு வைப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

யாரைக் கூப்பிடுவது

வனத்துறையை. கால்நடை மருந்தகத்தை அல்ல. வன உயிரினத்துக்கு வனத்துறை சொல்லாமல் கால்நடை மருத்துவர் ஊசி போட முடியாது. வனத்துறை கேட்டுக்கொண்டால் அதே மருத்துவர் வருவார். வேலூர் வனக்கோட்டம் பல வனச்சரகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் ஊர் எந்தச் சரகத்தில் வருகிறது என்பதை நரி வருவதற்கு முன்பே தெரிந்துவைத்திருப்பது நல்லது. 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. எல்லையோர ஊர்க்காரர்கள் வருவாய் எல்லையும் வனச்சரக எல்லையும் ஒன்றுதான் என்று எண்ணி, இங்கே கேட்டு அங்கே அலையக் கூடாது. ஊராட்சி அலுவலகத்திலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ கேட்டால் வனவர், வனக்காப்பாளர் எண்களைத் தருவார்கள். ஒன்றும் கிடைக்காத இரவு நேரத்தில் 112 இருக்கிறது.

பேசும்போது சுருக்கமாகவும் திட்டவட்டமாகவும் பேசுங்கள். “ஐயா வணக்கம். கணியம்பாடிக்கு மேற்கே ஏரிக்கரையை ஒட்டிய வீட்டிலிருந்து பேசுகிறேன். தோட்டத்தில் ஒரு நரி படுத்திருக்கிறது. பின்பக்கம் மயிர் இல்லை, நடக்கத் தள்ளாடுகிறது. யாரையும் கடிக்கவில்லை. வீடியோ இருக்கிறது, இதே எண்ணுக்கு அனுப்பட்டுமா?” இவ்வளவு போதும். “ஒரு நரி வந்திருக்கிறது, சீக்கிரம் வாங்க” என்று மட்டும் சொன்னால், அன்றைய யானை, தீ, மணல் வண்டி என்று அவர்களுக்கு இருக்கும் பட்டியலில் நீங்கள் கடைசியில் போய்விடுவீர்கள். “நரிதானே, தானாகப் போய்விடும்” என்ற பதிலும் வரலாம். எனக்கும் வந்திருக்கிறது. கோபப்படாமல் படத்தை அனுப்பிவிட்டு, மாலையில் மறுபடி கூப்பிடுங்கள். படத்தோடு வரும் புகாரைத் தட்டிக்கழிப்பது கடினம்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வரி. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு இந்த இரண்டு வகை நரிகளும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பிடிப்பது, பிடிக்க முயல்வது, பொறி வைப்பது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். “காப்பாற்றத்தான் பிடித்தேன்” என்று சொல்லி வீட்டுக் கூண்டில் வாரக்கணக்கில் வைத்திருக்க முடியாது. ஏதோ ஒரு காரணத்தால் விலங்கு உங்கள் கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவித்தாக வேண்டும்.

சொறி பிடித்த நரி

தோட்டத்துக்கு வரும் நோயுற்ற நரிகளில் மக்கள் அதிகம் கவனிப்பது சொறி பிடித்ததைத்தான். காரணம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஓர் உண்ணி. பெண் உண்ணி தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடும். சில நாட்களில் குஞ்சு பொரித்து, இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை தயாராகிவிடும். அரிப்பு தாங்காமல் நரி சொறியும்; சொறிந்த புண்ணில் சீழ் பிடிக்கும்; இமை ஒட்டிக்கொண்டு கண் தெரியாமல் போகும்; வேட்டையாட முடியாமல் மெலியும். மயிர் இல்லாத உடம்பு மார்கழிக் குளிரையும் தாங்காது, அக்னி நட்சத்திர வெயிலையும் தாங்காது. அதனால்தான் அது நிழலையும் தண்ணீரையும் தேடி, அச்சத்தைவிட்டு வீட்டருகே வருகிறது. சொறிநாய்கள் திரியும் குப்பைமேட்டில் மேயும் நரிக்கு இது எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டியதில்லை.

இது மருந்தால் குணமாகக்கூடிய நோய். குணமாகும் என்று கேள்விப்பட்டவர்கள் அடுத்த நிமிடமே செய்யும் காரியம்தான் கவலை தருகிறது. ஆடு மாடு வளர்க்கும் வீடுகளில் ஐவர்மெக்டின் புட்டி இருக்கும். 2015இல் அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அருமையான மருந்து, மறுக்கவில்லை. ஆனால் அளவைப் பாருங்கள். மாடுகளுக்கான ஊசி மருந்தில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது. 50 கிலோ எடைக்கு ஒரு மில்லி என்பது கணக்கு. இரண்டரைக் கிலோ நரிக்கு அந்தக் கணக்கில் ஒரு மில்லியில் இருபதில் ஒரு பங்குதான் வரும். இறைச்சித் துண்டில் “கொஞ்சம்” ஊற்றி வைப்பவர் எத்தனை மடங்கு வைக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். அளவு மிஞ்சினால் நரம்பு பாதித்து, கண் மங்கி, வலிப்பு வந்து சாகும்.

அளவு சரியாகவே இருந்தாலும், அந்தத் துண்டை யார் தின்றார் என்பது உங்களுக்குத் தெரியாது. நோயாளி நரி மெதுவாக வருவதற்குள் திடமான நரியோ தெருநாயோ காகமோ தின்றுவிட்டுப் போய்விடும். கோலி போன்ற சில வெளிநாட்டு நாய் இனங்களுக்கு மரபுவழியாகவே இந்த மருந்து ஆகாது. மேலும் ஒரு தடவை கொடுத்தால் போதாது. முட்டையை அது கொல்வதில்லை என்பதால் மறுபடி கொடுக்க வேண்டும். சீழ் பிடித்த புண்ணுக்கு வேறு மருந்தும், நீர் வற்றிய உடம்புக்குச் சலைனும் தேவைப்படலாம். சில நாடுகளில் நரிகளுக்கு இரையில் மருந்து வைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அங்கேயும் ஒரு மருத்துவர் அளவு சொல்ல, குறிப்பிட்ட நரிதான் தின்கிறது என்று ஒருவர் நின்று பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். இங்கே அப்படிச் செய்யலாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் வனத்துறை அழைத்து வரும் மருத்துவர். அவர் சரி என்றால், நின்று பார்க்கும் வேலைக்கு நீங்கள் முன்வாருங்கள். உங்கள் நேரக் குறிப்பு அப்போதுதான் முழுப் பயன் தரும்.

சொறிநாய்க்குக் கழிவு இன்ஜின் ஆயில் ஊற்றும் பழக்கம் நம் பட்டறைத் தெருக்களில் இன்னும் போகவில்லை. அதை நரிக்கும் பரிந்துரைப்பார்கள். மண்ணெண்ணெயும் அப்படித்தான். புண்பட்ட தோல் வழியாகவும், நக்கும்போது வாய் வழியாகவும் அது உள்ளே போய் ஈரலைக் கெடுக்கும். மாட்டு உண்ணிக்கு அடிக்கும் மருந்தைத் தெளிப்பதும் கூடாது. வேப்பெண்ணெய் நல்லதுதானே என்பீர்கள். பூசுவதற்கு நரியைப் பிடிக்க வேண்டுமே! அங்கேயே பேச்சு முடிந்துவிடுகிறது.

நரி படுத்த சாக்கு, துணி ஏதாவது இருந்தால் கையுறை போட்டு எடுத்து, சுடுநீரில் ஊறவைத்து, நல்ல வெயிலில் காயவிடுங்கள். விலங்கின் சொறி உண்ணி மனிதத் தோலில் நிலைத்துப் பெருகாது என்றாலும் சில நாட்கள் அரிக்க வைக்கும்.

தண்ணீர் வைக்கலாமா, சோறு வைக்கலாமா

சித்திரை, வைகாசியில் தண்ணீர் வையுங்கள். அகலமான, ஆழமில்லாத மண்சட்டியில், வீட்டிலிருந்து தள்ளி, வேலியோரப் புதர் நிழலில். தினமும் கொட்டிக் கழுவி, வேறு தண்ணீர் ஊற்றுங்கள். நாட்பட்ட சட்டி பல விலங்குகள் நோயை மாற்றிக்கொள்ளும் இடமாகிவிடும். நரி தள்ளாடி எச்சில் ஒழுக்குகிறது என்றால் சட்டியும் வேண்டாம், அருகில் போகவே வேண்டாம்.

உணவு வேண்டாம் என்பதே என் கருத்து. வைத்தால் நாய்கள் கூடும். நாய்கள் கூடினால் பலவீனமான நரியைக் குதறும். நரிக்கும் மனிதர்மேல் இருந்த அச்சம் போகும். இன்று நீங்கள் பிரியாணி எலும்பு போட்டதை நம்பி நாளை அது போகும் நான்காவது வீட்டில் கம்பு இருக்கும். கூண்டுக்குள் இரை வைக்க வனத்துறை சொன்னால் மட்டும் வையுங்கள், அதுவும் அவர்கள் சொன்ன பொருளை.

கிணறு, கம்பி, வெடி

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் நம் கழனிகளில் ஏராளம். நரி விழுந்து நீந்திக்கொண்டிருந்தால் முதலில் அது தொற்றிக்கொள்ள ஒரு வாழைத்தண்டையோ பலகையையோ கயிற்றில் கட்டி இறக்குங்கள். பிறகு தீயணைப்புத் துறையை 101இல் அழையுங்கள், வனத்துறைக்கும் சொல்லுங்கள். படிக்கட்டு உள்ள கிணறாக இருந்து, நரி படியில் ஏறி உட்கார்ந்துவிட்டால், எல்லோரும் விலகிப் போனாலே இருட்டியதும் அது தானாக ஏறிப் போய்விடும். யாரும் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது.

சுருக்குக் கம்பியில் மாட்டிய நரியை அறுத்து விடுவிக்கத் தோன்றும். அறுத்தால் கம்பியின் மிச்சத்தோடு ஓடும். அது தசைக்குள் இறங்கிப் பல நாள் கழித்துக் கொல்லும். வனத்துறை வரும்வரை காத்திருங்கள். ஒரு பழைய போர்வையைத் தூரத்திலிருந்து கம்பால் தள்ளி மேலே மூடினால் இருட்டில் அடங்கிக் கிடக்கும்.

தாடை கிழிந்த நரியைக் கண்டால் அவுட்டுக்காய், அதாவது இரைக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி, என்று சந்தேகப்படுங்கள். காட்டுப்பன்றிக்கு வைப்பதை நரியும் கடிக்கும். சுற்றிலும் வெடிக்காத உருண்டைகள் இருக்கலாம் என்பதால் ஆட்களையும் மாடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். காவல் நிலையத்துக்கும் தகவல் கொடுங்கள்.

கடித்துவிட்டால்

பல்லோ நகமோ பட்டாலும், புண்ணுள்ள தோலிலோ கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டாலும், உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மோட்டார் கொட்டகைக் குழாய் போதும். கண்ணுக்குச் சோப்பு வேண்டாம், சுத்தமான தண்ணீரால் அலசுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள், பச்சிலை ஒன்றும் வைக்காதீர்கள். இறுக்கிக் கட்டாதீர்கள், தையலும் அவசரப்பட்டுப் போட வேண்டாம். நேராக அரசு மருத்துவமனை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தடுப்பூசி இலவசம். ஆனால் வன விலங்குக் கடி கடுமையான வகையில் சேரும் என்பதால், தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் போட வேண்டும். அங்கே அது இல்லையென்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று ஊசி வரும். மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிடுபவர்கள் அதிகம், நிறுத்தாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இந்த ஊசி உண்டு. வெறிநோய் அறிகுறி தொடங்கிய பிறகு மருத்துவத்தால் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். மந்திரிக்கப் போகிறவர்கள் ஊசி போட்டுக்கொண்ட பிறகு போகட்டும்.

வீட்டு நாயையோ ஆட்டையோ கடித்திருந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஏற்கெனவே தடுப்பூசி போட்ட நாய்க்கும் மறுபடி ஊசி வேண்டும்.

இறந்துவிட்டால்

நீங்களே புதைக்காதீர்கள், பாலாற்றிலும் வீசாதீர்கள். வனத்துறையினர் வந்து உடற்கூறாய்வு செய்து, அவர்கள் முன்னிலையில் எரிப்பார்கள் அல்லது புதைப்பார்கள். வெறிநோயா, விஷமா என்பது அப்போதுதான் தெரியும். தெரிந்தால் உங்கள் தெருவுக்குத்தான் நல்லது. அதுவரை ஒரு கூடையைக் கவிழ்த்து மேலே கல் வையுங்கள், காகமும் நாயும் அண்டாது. நரிக்கொம்பு, நரிப்பல் என்று கேட்டு யாராவது வருவார்கள். நரிக்குக் கொம்பு கிடையாது. விற்பதும் வாங்குவதும் குற்றம். நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்று நம்பி, சேலம் வாழப்பாடிப் பக்கம் பொங்கலையொட்டி நரியைப் பிடித்து ஊர்வலம் விட்டவர்கள் வனத்துறைக்கு அபராதம் கட்டியிருக்கிறார்கள்.

நரி கிடந்த இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவி வெயில் படவிடுங்கள். தெருமுனையில் கோழிக்கடைக் கழிவு கொட்டும் இடம் இருந்தால் ஊராட்சியிடம் சொல்லி மூடச் செய்யுங்கள்; நாயும் நரியும் சந்தித்து நோயை மாற்றிக்கொள்வது அங்கேதான். பிறகு உங்கள் நாயின் தடுப்பூசி அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். விலங்குவழி நோய்கள் தினமான ஜூலை 6 அன்றும், வெறிநோய் தினமான செப்டம்பர் 28 அன்றும் அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடத்துவது வழக்கம். காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் சேர்ந்தால் நாய்கள் சண்டையிடும்.